டார்சிக்குத் தலைக்கனம், எலிசபெத்துக்கு முன்முடிவு: இந்தப் பங்கீடு செல்லுமா?

எழுத்தாணி

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை எங்கள் குழு வாசிப்புக்கு எடுத்திருக்கிறோம். வழிகாட்டி நூல் எதைப் புரட்டினாலும் ஒரே பாட்டுதான்: தலைக்கனம் டார்சியுடையது, முன்முடிவு எலிசபெத்துடையது, இருவரும் திருந்திக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நாவலுக்குள் போனால் இந்தக் கணக்கு உதைக்கிறது. 3ஆம் அத்தியாய நடன இரவில் யாரிடமும் வாய் திறக்காமலேயே மெரிட்டன் ஊரை மொத்தமாக ஒதுக்கிவைப்பவன் டார்சி. அது முன்முடிவு இல்லாமல் வேறென்ன? 36ஆம் அத்தியாயத்தில், ஆட்களை எடைபோடத் தெரிந்தவள் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த பெருமையை நினைத்துக் கூசுகிறவள் எலிசபெத். அது தலைக்கனம் இல்லையா? எந்த இடங்களை வைத்து இதைப் பேசலாம், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபுத்தகம்

பேச்சைத் தொடங்கும் முன் அத்தியாய எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1813 ஜனவரியில் நாவல் மூன்று தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதியில் 23 அத்தியாயம், மற்ற இரண்டிலும் 19, 19. ஆக 61. சில பதிப்புகள் தொகுதிக்குத் தொகுதி 1இலிருந்து எண்ணும், சில தொடர்ச்சியாக எண்ணும். இரண்டாம் தொகுதி என்றால் 23 கூட்டுங்கள், மூன்றாம் தொகுதி என்றால் 42 கூட்டுங்கள். ஆளுக்கொரு பதிப்போடு உட்கார்ந்தால் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும்.

இந்தத் தலைப்புக்கு முழு நாவலையும் கிளற வேண்டாம். 3, 5, 11, 16, 18, 34, 35, 36, 43, 52, 58 போதும். நேரமே இல்லை என்றால் 16ஐயும் 36ஐயும் அருகருகே வைத்துப் படியுங்கள். 16இல் விக்கம் என்ற ராணுவ அதிகாரி, டார்சி தன்னை வஞ்சித்துவிட்டதாகக் கதை சொல்கிறான். 36இல் எலிசபெத் அதே பேச்சை மனதில் ஓட்டிப் பார்க்கிறாள். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை, அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது.

தலைப்பைப் பற்றியும் ஒரு வரி. 1796இல் எழுதத் தொடங்கியபோது இதற்கு 'முதல் அபிப்பிராயங்கள்' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. இன்றைய தலைப்புச் சொற்றொடர் ஃபேனி பர்னியின் 'சிசிலியா' நாவலின் கடைசிப் பகுதியில் வருகிறது, அது 1782இல் வெளியானது. ஆளுக்கு ஒரு குணம் என்று பிரித்துக் கொடுக்க ஆஸ்டின் இந்தத் தலைப்பை வைத்தார் என்பதற்கு நாவலில் ஆதாரம் எதுவும் கிடையாது.

மழைக்காகிதம்

இரண்டு குணமும் எலிசபெத்துக்குள் எப்படி ஒட்டிக்கிடக்கின்றன என்பதற்கு 5ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி போதும். டார்சி கர்வப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று தோழி சார்லட் சொல்கிறாள். அதற்கு எலிசபெத்: அவன் என் பெருமையில் கைவைக்காமல் இருந்திருந்தால் அவன் பெருமையை நான் சுலபமாக மன்னித்திருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள், ஆனால் பின்னால் நடக்கப்போகும் அத்தனைக்கும் வித்து இங்கேதான். முதலில் அடிபடுவது அவளுடைய தன்மானம். அந்த வலியிலிருந்து முளைப்பதுதான் முன்முடிவு.

3ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். ஆண்கள் குறைவாக இருந்ததால் எலிசபெத் இரண்டு ஆட்டம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு ஆடச் சொல்லி நண்பன் பிங்லி டார்சியை வற்புறுத்துகிறான். டார்சி திரும்பிப் பார்க்கிறான், அவள் கண்ணைச் சந்திக்கும்வரை பார்க்கிறான், பிறகு பார்வையை விலக்கிக்கொண்டு "பரவாயில்லை ரகம்தான், என்னை அசைக்கும் அளவுக்கு அழகில்லை" என்கிறான். பேச்சு பிங்லியிடம்தான், ஆனால் அவள் காதுகேட்கும் தூரத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தே பேசுகிறான். இதை விட்டுவிட்டு "அவன் தனியாகச் சொன்னதை அவள் ஒட்டுக்கேட்டாள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அடுத்து அவள் செய்வது இன்னும் முக்கியம். அந்தச் சம்பவத்தைத் தோழிகளிடம் தானே வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறாள். பட்ட காயத்தை நகைச்சுவையாக மாற்றிவிடுவது அவள் பழக்கம், அப்பாவிடமிருந்து வந்தது.

5ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தின் தங்கை மேரி, பெருமைக்கும் வீண் ஜம்பத்துக்கும் வித்தியாசம் சொல்லி ஒரு குட்டிப் பிரசங்கம் செய்வாள். கட்டுரை எழுதுகிற பலர் அதை ஆஸ்டினின் கருத்தாகவே மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். மேரி படித்ததை ஒப்பிக்கிற பாத்திரம், ஆஸ்டின் அவளைக் கிண்டல் செய்கிறார். சொன்னது தப்பில்லை, ஆனால் யார் வாயில் வருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வடமராட்சியான்

விக்கம் விசயத்தில எலிசபெத் எப்படிச் சறுக்கினவ எண்டதை ஒரு வழக்கு மாதிரி வரிசைப்படுத்தலாம். சாட்சியம் எல்லாம் அவவின்ர கண்ணுக்கு முன்னாலதான் இருந்தது.

அறிமுகமாகி அடுத்த நாள் பின்னேரமே, முன்பின் தெரியாத ஒரு பெட்டையிட்ட தன்ர குடும்பக் கதை முழுக்க விக்கம் கொட்டுறான் (16). டார்சிக்குப் பயந்து நான் விலகிப் போகமாட்டன், விருப்பமெண்டால் அவன் போகட்டும் எண்டு அதே மூச்சில சொல்லுறான். பிங்லியின்ர நெதர்ஃபீல்ட் வீட்டு நடனம் வந்த உடனே ஆளைக் காணேல்லை (18). டார்சியின்ர தகப்பனுக்குக் குடுக்கிற மரியாதைக்காக இதை வெளியில சொல்லமாட்டன் எண்டவன், பிங்லி ஆக்கள் லண்டனுக்குப் போன கையோட ஊர் முழுக்கச் சொல்லித் திரியுறான் (24). பிறகு 10,000 பவுண் சொத்து வந்த மிஸ் கிங்குக்குப் பின்னால போறான் (26).

ஒவ்வொண்டுக்கும் எலிசபெத் ஒரு சாட்டு வைச்சிருக்கிறா. நடனத்துக்கு வராததுக்குக் குற்றவாளி டார்சி. மோதலைத் தவிர்க்கத்தான் வரேல்லை எண்டு பிறகு விக்கமே சொல்ல, என்ன பெருந்தன்மை எண்டு மெச்சுறா. மிஸ் கிங் விசயத்தில காசுக்கு ஆசைப்படுறதை விவேகம் எண்டு விட்டுக்குடுக்கிறா. இதே காரணத்துக்காகக் காலின்ஸ் எண்ட பாதிரியைக் கட்டின சார்லட்டை மட்டும் அவவால ஏற்க முடியேல்லை. ஆஸ்டினே அந்த இடத்தில, சார்லட் விசயத்தில இருந்த தெளிவு இதில எலிசபெத்துக்கு இல்லை எண்டு ஊசி மாதிரி ஒரு வரி குத்திவிடுறா.

17ஐயும் விடாதேங்கோ. என்னத்தை நம்புறது எண்டு தெரியேல்லை எண்டு அக்கா ஜேன் சொல்ல, எலிசபெத் உடனே, என்னத்தை நம்புறது எண்டு நல்லாத் தெரியும் எண்டுறா. முன்முடிவுக்கு நாவலில இதைவிடத் துல்லியமான இடம் இல்லை.

தாமரைக்குளம்

வடமராட்சியான் அண்ணா, வழக்கு மாதிரி வைத்தால் எதிர்த்தரப்புக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அன்று கையிலிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் எலிசபெத் முடிவெடுத்தது அவ்வளவு மோசமில்லை.

விக்கமை நம்பாதே என்று அவளை எச்சரித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பிங்லியின் சகோதரி கேரலைன். என்ன நடந்தது என்று தனக்கு விவரமாகத் தெரியாது என்கிறாள், கூடவே "அவன் பிறப்புக்கு இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்" என்று சேர்க்கிறாள். விக்கம் டார்சி வீட்டுக் காரியஸ்தரின் மகன். அவன் செய்த குற்றமும் அவன் பிறந்த குலமும் உன் கணக்கில் ஒன்றுதானா என்று எலிசபெத் திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி. இன்னொருவன் பிங்லி. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் டார்சி சொன்னதுதான். அதை எலிசபெத் சுயேச்சையான சாட்சியாக எடுத்துக்கொள்ள மறுப்பதிலும் தர்க்கம் இருக்கிறது.

ஆஸ்டினின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான். உண்மையான தகவலை ஒரு அகம்பாவக்காரி வாயில் வைக்கிறார், பொய்யை ஒரு நல்ல முகத்துக்காரன் வாயில் வைக்கிறார். முதல்முறை படிக்கிற வாசகரும் எலிசபெத்தோடு சேர்ந்து வழுக்கி விழுகிறார். ஆகவே "எலிசபெத் முட்டாள்தனமாக நம்பினாள்" என்று எழுதினால் நாவலின் வேலைப்பாடே கைநழுவிவிடும். அவள் புத்திசாலி. புத்தியை ஒரு பக்கத்துக்கு மட்டும் வாதாட விட்டாள்.

வடமராட்சியான்

பிங்லியைப் பற்றிச் சொன்னது சரி, தங்கச்சி. ஆனா டார்சியின்ர சொல்லைப் பிங்லி திருப்பிச் சொல்லுறதைச் சந்தேகிக்கத் தெரிஞ்சவவுக்கு, விக்கமின்ர சொல்லை விக்கமே சொல்லுறதைச் சந்தேகிக்கத் தோன்றேல்லையே. ரெண்டு தராசு வைச்சிருந்தவ. குறை அதுதான்.

மூன்றாம்வாசிப்பு

34இல் எலிசபெத் கல்யாணத்துக்கு மறுத்ததும் டார்சி எழுதிக்கொடுக்கிற கடிதத்துக்கு வருவோம். 35, 36இல் நடப்பதுதான் இந்த இழையின் மையம். பலரும் அதை "கடிதம் படித்தாள், மனம் மாறினாள்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

கடிதத்தில் இரண்டு பகுதி. முதலில் ஜேனிடமிருந்து பிங்லியை டார்சி பிரித்த விவகாரம், பிறகு விக்கம். எலிசபெத் முதல்தடவை படிக்கும்போது டார்சி எழுதிய வரிசையிலேயே படிக்கிறாள். ஜேன் பகுதியைக் கோபத்தில் பாய்ந்து பாய்ந்து படிக்கிறாள், ஒரு வரியின் பொருள் பிடிபடும் முன் கண் அடுத்த வரிக்கு ஓடுகிறது. விக்கம் பகுதி வந்ததும் "பொய், இருக்கவே முடியாது" என்று கடிதத்தை மடித்துவைத்து, இனி தொடவே மாட்டேன் என்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள்.

மறுவாசிப்பில் வரிசை மாறுகிறது. முதலில் விக்கம் பகுதி, வாக்கியம் வாக்கியமாக. ஏனென்றால் அதில்தான் சரிபார்க்கக்கூடிய தகவல் இருக்கிறது: திருச்சபைப் பதவிக்குப் பதிலாக விக்கம் வாங்கிக்கொண்ட 3,000 பவுண்டு, அதற்கு முன் உயில்படி வந்த 1,000 பவுண்டு, ராம்ஸ்கேட்டில் டார்சியின் 15 வயதுத் தங்கை ஜார்ஜியானாவைக் கூட்டிக்கொண்டு ஓடப் போட்ட திட்டம், அவள் பேரிலிருந்த 30,000 பவுண்டு. சந்தேகமிருந்தால் தன் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமிடம் கேட்டுக்கொள் என்று டார்சி சாட்சியும் கொடுக்கிறான். எலிசபெத் பிறகு தன் நினைவில் விக்கமுக்குச் சாதகமான ஒரு நற்செயலைத் தேடுகிறாள். ஊரார் மெச்சியதும் அவன் முகவெட்டும் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பகுதி உண்மை என்று ஆனபின்தான் ஜேன் பகுதிக்குத் திரும்புகிறாள். ஒன்றில் அவன் சொல்லை நம்பிவிட்டு மற்றதில் எப்படி மறுப்பது? அப்போது 6ஆம் அத்தியாயத்தில் சார்லட் சொன்னது நினைவுக்கு வருகிறது: ஜேன் மனதிலிருப்பதைக் காட்டிக்கொள்ளாமலிருப்பது அவளுக்கே பாதகமாகலாம். அன்று சிரித்துத் தள்ளிய பேச்சு. "இந்த நொடிவரை நான் என்னையே அறிந்திருக்கவில்லை" என்ற புகழ்பெற்ற வரி இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், விக்கம் பகுதி முடிந்த கையோடு வருகிறது. அதற்குச் சற்று முன் அவளே காரணத்தையும் சொல்லிவிடுகிறாள்: ஒருவன் என்னை விரும்பியதில் குளிர்ந்துபோனேன், இன்னொருவன் அலட்சியம் செய்ததில் புண்பட்டேன், அதனால் இருவர் விஷயத்திலும் அறிவை விரட்டிவிட்டேன்.

குழுவில் செய்துபாருங்கள். ஒருவர் கடிதத்தை எழுதிய வரிசையில் வாசிக்கட்டும், இன்னொருவர் எலிசபெத் மறுவாசிப்பு செய்த வரிசையில் வாசிக்கட்டும். வித்தியாசம் காதிலேயே விழும்.

மழைக்காகிதம்

கூடவே, அதே கடிதத்தில் டார்சியின் முன்முடிவையும் பிடிக்கலாம். ஜேனுக்குப் பிங்லி மேல் ஆசையில்லை என்று நம்ப விரும்பியதை ஒத்துக்கொள்கிறான். அடுத்த வரியிலேயே, நான் விரும்பியதால் அப்படி நம்பவில்லை, பாரபட்சமில்லாமல் பார்த்துத்தான் நம்பினேன் என்கிறான். எலிசபெத் விக்கமை நம்பியபோது அவளிடம் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்! அமைதியான முகத்தை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியது அவன். இனிமையான முகத்தை வைத்து உள்ளே எல்லாம் இருக்கிறது என்று முடிவுகட்டியது அவள்.

எழுத்தாணி

அருமை. இப்போது என் இரண்டாவது குழப்பம். 43இல் டார்சியின் பெம்பர்லி மாளிகைப் பணிகளைக் கவனிக்கும் திருமதி ரெனால்ட்ஸ், டார்சியை நாலு வயதிலிருந்து தெரியும், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அவரைக் கர்வி என்று சிலர் சொல்கிறார்கள், நான் பார்த்ததேயில்லை என்கிறார். அப்படியானால் டார்சி மாறவேயில்லையா? முதலிலிருந்தே நல்லவன், எலிசபெத்தான் தப்பாகப் புரிந்துகொண்டாளா?

பழையபுத்தகம்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கட்டுரைகள் குப்புற விழுகின்றன. ரெனால்ட்ஸ் சொல்வது உண்மை. டார்சி கர்வியாக இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துவைக்கிற விளக்கத்தை 58இல் டார்சியே தருகிறான்: நல்ல கொள்கைகளைக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் கர்வத்தோடு அவற்றைப் பின்பற்ற விட்டுவிட்டார்கள், என் குடும்ப வட்டத்துக்கு வெளியே யாரையும் பொருட்படுத்தாமல் இருக்கவும் மற்ற உலகத்தை மட்டமாக நினைக்கவும் பழகிக்கொண்டேன்.

வட்டம் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெனால்ட்ஸ் வட்டத்துக்குள் இருப்பவர். குத்தகைக்காரர்கள், தங்கை, வேலைக்காரர்கள் எல்லாரும் உள்ளே. மெரிட்டன்காரர்கள் வெளியே. ஆகவே உள்ளேயிருப்பவர் கண்ணில் கர்வம் பட வாய்ப்பே இல்லை.

மாறியதா என்று சோதிக்க கார்டினர் தம்பதியை எடுங்கள். கார்டினர் எலிசபெத்தின் தாய்மாமா, லண்டனில் வணிகர். 8ஆம் அத்தியாயத்தில் பிங்லியின் சகோதரிகள் அவர் குடியிருக்கும் பகுதியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். டார்சி சிரிக்கவில்லை, ஆனால் அப்படிப்பட்ட உறவுகள் இருந்தால் அந்தப் பெண்களுக்கு அந்தஸ்துள்ள மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிவைக்கிறான். 43இல் அதே மாமாவை, யாரென்று தெரிந்த பிறகும், தன் ஆற்றில் எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடிக்க அழைக்கிறான். தூண்டில் சாமான்களும் தருகிறேன் என்கிறான், மீன் நன்றாகச் சிக்கும் இடத்தையும் காட்டுகிறான். நாவலின் கடைசி வாக்கியம் யாரைப் பற்றி என்று பாருங்கள். டார்சி–எலிசபெத் காதலைப் பற்றி இல்லை, கார்டினர் தம்பதியோடு அவர்களுக்கு இருந்த நெருக்கத்தைப் பற்றி. வட்டம் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம்.

நடுப்பக்கம்

பேச்சுக்கு நடுவில் ஒரு சந்தேகம். அவன் குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வருகிற இடம் எந்த அத்தியாயம்? கர்வம் கழுவப்பட்டதற்கு அடையாளமாக எழுதலாம் என்று நினைத்தேன்.

பழையபுத்தகம்

எந்த அத்தியாயமும் இல்லை 🙂 அது 1995 பிபிசி தொடரில் சேர்த்தது. மழையில் நின்று முதல்முறை காதலைச் சொல்வதும் 2005 படத்தின் சரக்கு. நாவலில் அது ஹன்ஸ்ஃபோர்டில், காலின்ஸ் வீட்டுக்குள் நடக்கிறது. 34ஐத் திறந்தால் இன்னொன்றும் தெரியும்: காதலைச் சொல்கிற சில வாக்கியங்களை மட்டுமே ஆஸ்டின் டார்சியின் சொந்தக் குரலில் தருகிறார். அவளுடைய குடும்பத் தாழ்வு, தனக்கு வரும் இழுக்கு எல்லாவற்றையும் கதைசொல்லியின் சுருக்கமாகவே கேட்கிறோம். கவலையும் அச்சமும் என்று வாய் சொல்கிறது, சம்மதம் உறுதி என்று முகம் சொல்கிறது. கர்வத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதும், குளம் தேவையில்லை.

தாமரைக்குளம்

34இல் காசுக் கணக்கையும் விடாதீர்கள். டார்சிக்கு வருடம் 10,000 பவுண்டு வருமானம். எலிசபெத்துக்கு வரக்கூடியது மொத்தமே 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு, 4 சதவீத வட்டிக்கு. அதாவது வருடம் 40 பவுண்டு. அப்பாவின் லாங்பர்ன் சொத்தோ ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போகிறது. 19இல் காலின்ஸே இதை அவளிடம் எடுத்துச்சொல்லி, உன்னை வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார். டார்சி அவள் சம்மதத்தை எதிர்பார்த்ததில் அன்றைய உலக வழக்கப்படி ஆச்சரியமில்லை. அவள் மறுத்ததுதான் ஆச்சரியம். பெம்பர்லியைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது என்று அவளைக் குறைசொல்பவர்கள், 59இல் ஜேனிடம் அவள் அடிக்கும் பகடியை அப்படியே வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜேனே உடனே "விளையாடாமல் சொல்லு" என்கிறாள்!

மூன்றாம்வாசிப்பு

தலைக்கனத்துக்கு விலை கொடுத்தது யார் என்றும் பேசுங்கள். 52இல் திருமதி கார்டினரின் கடிதம் இருக்கிறது. விக்கமின் யோக்கியதையை ஊருக்குச் சொல்வது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று டார்சி வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் எலிசபெத்தின் தங்கை லிடியா அவனோடு ஓடிப்போய் மாட்டிக்கொண்டாள் என்று அவனே தன் கர்வத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறான். விக்கமின் கடன் 1,000 பவுண்டுக்கு மேல், லிடியா பேரில் இன்னொரு 1,000, ராணுவப் பதவி வாங்கும் செலவு எல்லாம் டார்சி கையிலிருந்து போகிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டது அவன் மட்டுமா? 40இல் எலிசபெத்தும் ஜேனும் விக்கம் விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவெடுக்கிறார்கள். எலிசபெத்தின் காரணம் கவனிக்கத்தக்கது: டார்சி மேல் ஊருக்கு இருக்கும் வெறுப்பு அவ்வளவு, சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

வடமராட்சியான்

அந்த ஊர் வெறுப்பையும் ஒருக்கால் பாருங்கோ. 3இல 10,000 பவுண் எண்ட கதை பரவினதும் டார்சி அழகன். அரை இரவு முடிய முதல் அவன் கர்வி, பார்க்கச் சகிக்கேல்லை. 24இல விக்கமின்ர கதை வெளியில வந்ததும், ஒண்டும் தெரியிறதுக்கு முதலே தங்களுக்கு அவனைப் பிடிக்காமல் இருந்ததை நினைச்சு எல்லாருக்கும் சந்தோசம். எலிசபெத்தின்ர முன்முடிவைத் தனியாப் பிரிச்சு எடுத்தால் அவ மட்டும் பிழை விட்டமாதிரித் தெரியும். ஊரே அப்பிடித்தான் இருந்தது. திரும்ப எண்ணிப் பார்த்தவ அவ ஒருத்திதான்.

எழுத்தாணி

நன்றி. இரண்டு அமர்வாகப் பிரிக்கிறேன். முதல் அமர்வில் 3, 5, 16, 17, 18, 24, 26. இரண்டாவதில் 34, 35, 36, 43, 52, 58. லேடி கேதரினை எங்கே சேர்ப்பது?

மழைக்காகிதம்

இரண்டாவதில், 58க்கு முன்னால் 56. டார்சியின் அம்மாவுக்குச் சகோதரி அவள், டார்சியை விட்டுவிடு என்று எலிசபெத்தை மிரட்ட வருகிறாள். எலிசபெத் வாக்குக் கொடுக்க மறுக்கிறாள். அந்த மறுப்பை லேடி கேதரினே கோபத்தோடு போய் டார்சியிடம் ஒப்பிக்கிறாள், அவனுக்கு நம்பிக்கை பிறப்பது அப்போதுதான். அந்த அம்மாவின் அகம்பாவம் இல்லையென்றால் இரண்டாவது முறை கேட்க அவனுக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடும்.